விருப்பமில்லை என்றொரு கையெழுத்து

கோவை,
14.8.1988

அன்புள்ள துளசிங்கத்துக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் எங்கள் மகள் மேரி வீட்டுக்கு வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. நீ, கனகவல்லி, பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ரிட்டையர் ஆன மனுஷனுக்குக் காலை நேரம் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. காப்பி வர ஏழாகிறது. இங்கே தண்ணீர் தேனாக இருக்கிறது, ஆனாலும் காப்பி உன் கை காப்பி இல்லை. மேரி வைத்திருக்கும் சமையல்காரி எதைக் கொடுத்தாலும் தேங்காயை அரைத்து ஊற்றிவிடுகிறாள். அம்மா தினம் ஒரு தடவையாவது, "துளசிங்கம் இருந்தா இப்படி ஆகுமா?" என்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

சிட்லபாக்கம் வீட்டை வாரம் ஒருமுறை போய்த் திற. ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் திறந்து வை. தென்னைக்கும் முருங்கைக்கும் தண்ணீர் விடு. நல்ல குடும்பமாக வாடகைக்கு யாராவது கேட்டால் எழுது.

உன்னைப் பற்றிக் கவலைப்படாதே. இன்ஸ்பெக்டர் தயாளனிடம் பேசிவிட்டுத்தான் வந்தேன். என்னிடம் எஸ்.ஐ.யாக இருந்தவன். உன்னை வெயிலில் நிற்க வைக்கமாட்டான். பன்னிரண்டு வருடம் ஆர்டர்லியாக என் வீட்டில் ஒருவனாக இருந்தவனை நான் நடுத்தெருவில் விடுவேனா?

அன்புடன்,
ஆ. சவுரிமுத்து
டி.எஸ்.பி. (ஓய்வு)


உ

முடிச்சூர்,
2.9.1988

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும்,

துளசிங்கம் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தங்கள் கடிதம் கிடைத்தது. கனகவல்லியை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அம்மாவின் முழங்காலுக்கு நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள்.

வீடு நன்றாக இருக்கிறது. முருங்கையில் ஒரு கிளை காற்றில் முறிந்தது, வெட்டி எடுத்துவிட்டேன். பின்பக்க வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் தங்களை விசாரித்தார்.

ஐயா, ஸ்டேஷன் விஷயம் ஒன்று எழுத வேண்டும். தவறாக நினைக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் ஐயா என்னை வெயிலில் நிறுத்தவில்லை. டீ போடச் சொல்லியிருக்கிறார். காலையில் ரோல்கால் முடிந்து எல்லாரும் டூட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள். நான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். நேற்று சேர்ந்த பசங்க கூட, "இன்னாண்ணா, இன்னிக்கு சாம்பாரா காரக்குழம்பா?" என்கிறார்கள். கேலிதான். நானும் சிரிக்கிறேன்.

போன வியாழக்கிழமை புகார் எழுதுகிற ரைட்டர் சாப்பிடப் போயிருந்தார். ஒரு அம்மா ஓடி வந்தார்கள். பஸ்ஸில் சங்கிலி போய்விட்டதாம். "எழுதிக்கங்க சார், எழுதிக்கங்க சார்" என்று அழுகிறார்கள். நானும் பேப்பர் பேனா எடுத்துவிட்டேன். முதல் வரி என்ன எழுதுவது என்று தெரியவில்லை ஐயா. உடம்பில் காக்கி இருக்கிறது, தொப்பி இருக்கிறது, பதினைந்து வருஷ சர்வீஸ் இருக்கிறது. மளிகை லிஸ்ட் எழுதிய கை. ரைட்டர் வரட்டும் என்று அவர்களை பெஞ்சில் உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போய் டம்ளர் கழுவினேன்.

தாங்கள் ஒரு வரி இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு எழுதினால் போதும். எனக்கு டூட்டி போடச் சொல்ல வேண்டும். எந்த டூட்டியானாலும் சரி.

தங்கள் உண்மையுள்ள ஊழியன்,
துளசிங்கம்
பி.சி. 1127


கோவை,
20.9.1988

அன்புள்ள துளசிங்கத்துக்கு,

உன் கடிதத்தை வழக்கம்போல அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். டம்ளர் கழுவிய இடம் வந்ததும், "பாவங்க அவன்" என்றாள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. முப்பத்தேழு வயதில் உனக்கு எதற்கப்பா இந்த ஆசை? பந்தோபஸ்து என்று ஊர்வலத்துக்குப் பின்னால் பத்து மைல் நடப்பது, தண்டவாளத்துப் பிணத்துக்குக் காவல் இருப்பது, கோர்ட்டில் வக்கீலிடம் திட்டு வாங்குவது. இதெல்லாம் வேண்டாம் என்று மனு போடுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டு வேலைக்கு எத்தனை பேர் சிபாரிசோடு வந்தார்கள் என்று உனக்கே தெரியும்.

இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய். தயாளனுக்கு இன்றே எழுதுகிறேன். பிறகு கால் வலிக்கிறது என்று என்னிடம் வந்து நிற்கக் கூடாது.

நொச்சி இலை ஒத்தடம் பலன் கொடுக்கிறது என்று கனகவல்லியிடம் சொல்.

அன்புடன்,
சவுரிமுத்து


உ

முடிச்சூர்,
11.6.1989

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

தங்கள் ஆசீர்வாதத்தில் இங்கு குறை ஒன்றுமில்லை. பாரா டூட்டி, சம்மன் கொடுப்பது, சந்தை பந்தோபஸ்து என்று எல்லாம் பார்க்கிறேன். கால் வலிக்கத்தான் செய்கிறது. சொல்ல மாட்டேன் என்றிருந்தேன், எழுதிவிட்டேன்.

இந்த முறை வீட்டு விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன், மன்னிக்கவும். ஒன்று நடந்தது. அதை முதலில் ஐயாவிடம் சொல்ல வேண்டும்.

சேலையூரில் கட்டட வேலை செய்யும் எல்லம்மா என்று ஒரு பெண். சித்தாள். அவள் புருஷன் சின்னப்பன் கொத்தனார். செவ்வாய்க்கிழமை கூடுவாஞ்சேரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஸ்டேஷனுக்கு வந்து சொன்னாள். "குடிச்சிட்டு எங்கனா வுழுந்து கெடப்பான், தானா வருவான் போ" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அன்றைக்கு வாசலில் நான் பாரா. என்னிடம், "இன்னா சார், நான் பொய்யா சொல்றேன்? அவரு குடிக்காத மனுசன் சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வாசல் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டூட்டி முடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். யாரும் அனுப்பவில்லை. பெருங்களத்தூர், வண்டலூர் என்று ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பாக நின்று விசாரித்தேன். வண்டலூரில் செருப்பு தைக்கிற பெரியவர், செவ்வாய்க்கிழமை ஒரு ஆளை லாரி அடித்துப் போட்டுவிட்டது, வேன்காரர் ஒருவர் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார் என்றார்.

மறுநாள் எனக்கு ஓய்வு நாள். எல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு ரயில் ஏறினேன். வேறு யாராவதாக இருந்தால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்றே வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். வார்டில் தலை முழுக்கக் கட்டோடு ஒரு ஆள். தாடை உடைந்து பேச்சு இல்லை. கட்டிலில் தொங்கிய சீட்டில், "பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 40" என்று எழுதியிருந்தது. எல்லம்மா முகத்தைப் பார்க்கவே இல்லை ஐயா. பாதத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். "சொல்லாம கொள்ளாம இங்க வந்து படுத்துகினு கீறியா நீ?" என்று சண்டை பிடித்தாள். அந்த ஆளின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

நர்ஸம்மா பெயர் கேட்டார்கள். நான் சொன்னேன். அந்தச் சீட்டில் இருந்ததை அடித்துவிட்டு, "சின்னப்பன்" என்று எழுதினார்கள்.

திரும்பி வரும்போது தாம்பரத்தில் இறங்க மறந்து குரோம்பேட்டை வரை போய்விட்டேன். பதினாறு வருஷமாக சம்பளம் வாங்குகிறேன். வேலை பார்த்து வாங்கியது இந்த மாதம்தான் என்று தோன்றியது. கனகவல்லி, "இன்னா, தனியா சிரிச்சிகினு வரே?" என்று கேட்டாள்.

வீடு நலம். வாடகைக்கு பேங்க்காரர் ஒருவர் கேட்கிறார். சின்னக் குடும்பம்.

தங்கள் உண்மையுள்ள,
துளசிங்கம்


கோவை,
2.7.1989

அன்புள்ள துளசிங்கத்துக்கு,

நல்ல வேலை செய்தாய். சபாஷ். அம்மா இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்தச் சண்டை பிடித்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பேங்க்காரருக்கே வீட்டைக் கொடுத்துவிடு. ஒப்பந்தப் பேப்பர் அனுப்புகிறேன். வெள்ளை அடிக்க ஆள் வைத்து, நீ கூட நின்று பார்த்துக்கொள். உன் ஓய்வு நாளில் போனால் போதும்.

மாவடு ஊறுகாய் அம்மாவுக்கு வேண்டுமாம். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
சவுரிமுத்து


உ

முடிச்சூர்,
3.3.1990

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை ஐயா முதலில் படித்துவிட்டு முடிவு செய்யவும்.

ஏட்டு லிஸ்ட் வந்தது. என்னோடு 1973இல் சேர்ந்தவர்கள் எல்லாரும் எப்போதோ ஏட்டு ஆகிவிட்டார்கள். ட்ரெயினிங்கில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்த சம்பத் பரீட்சை எழுதி எஸ்.ஐ. ஆகி, போன மாதம் எங்கள் ஸ்டேஷனுக்கே வந்திருக்கிறான். வந்திருக்கிறார். தனியாக இருக்கும்போது, "மச்சான், நீ ஏன்டா இன்னும் பி.சி.யாவே இருக்க? எஸ்.பி. ஆபீஸ்ல போய்க் கேளுடா" என்றார். போனேன்.

க்ளார்க் என் ஃபைலை எடுத்துப் பார்த்தார். "ஏம்பா, ரெண்டு தபா வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு இப்ப வந்து நிக்கிறியே?" என்றார். நான் எழுதிக் கொடுக்கவில்லை என்றேன். ஃபைலைத் திருப்பிக் காட்டினார். இங்கிலீஷில் டைப் அடித்த இரண்டு தாள். ஒன்று 1979, ஒன்று 1983. அவரே தமிழில் சொன்னார். "குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தலைமைக் காவலர் பயிற்சிக்குச் செல்ல எனக்கு விருப்பமில்லை." கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே தங்கள் கையெழுத்து.

என் கையெழுத்துதான் ஐயா. பொய் சொல்ல முடியாது. 1979 எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேரி பாப்பாவுக்கு மாதா கோயிலில் உறுதிபூசுதல் கொடுத்த நாள். வீடு நிறைய விருந்தாளிகள். நான் அடுப்பில் கட்லெட் போட்டுக்கொண்டிருந்தேன். தாங்கள் கூப்பிட்டீர்கள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தேன். குவார்ட்டர்ஸுக்கு மனு என்று சொன்னீர்கள். கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினேன், அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. 1983 எனக்கு ஞாபகம் வரவில்லை.

அது குவார்ட்டர்ஸ் மனுதானே ஐயா? ஆபீஸில் தாள் மாறிப்போயிருக்குமோ? தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் என் மனசு அடங்கும்.

தங்கள் உண்மையுள்ள,
துளசிங்கம்


கோவை,
29.4.1990

துளசிங்கத்துக்கு,

உன் கடிதம் வந்து எட்டு வாரம் ஆகிறது. நான்கு முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

தாள் மாறவில்லை. க்ளார்க் மேல் தவறில்லை. அது குவார்ட்டர்ஸ் மனு இல்லை.

1979இல் அம்மாவுக்குப் பெரிய ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் ஆகியிருந்தது. மேரி சின்னப் பெண். நீ பயிற்சிக்குப் போனால் வீடு என்ன ஆகும் என்று யோசித்தேன். இந்த ஒரு முறை போகட்டும், அடுத்த லிஸ்ட்டில் நானே முன்னின்று அனுப்புவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த லிஸ்ட் வந்தபோது அம்மா எழுந்து நடந்துகொண்டிருந்தாள். அப்போது காரணம் ஒன்றும் இல்லை. வீடு நன்றாக நடந்தது, அவ்வளவுதான். உன்னிடம் கேட்டிருந்தால் நீ சரி என்றே சொல்லியிருப்பாய் என்று பல நாள் நினைத்துக்கொண்டேன். ஆனால் கேட்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று. நான் எஸ்.ஐ.யாக வேலூரில் சேர்ந்தபோது எங்கள் மேலதிகாரியின் நாயை தினம் காலையில் நடத்திக்கொண்டு போக வேண்டும். யூனிஃபார்மில். எதிரில் பள்ளிக்கூடப் பெண்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். நான் மேலே வந்தால் ஒருவனை இப்படி நடத்தமாட்டேன் என்று அன்றைக்குச் சத்தியம் செய்தேன். நான் உன்னை நாய் பிடிக்கச் சொன்னதில்லை. அதனால் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

இது நடந்து போன விஷயம். கிளறினால் இருவருக்கும் கஷ்டம். அன்றைக்கு எனக்கு மேலே கையெழுத்துப் போட்டவர்கள் இன்றைக்குப் பெரிய இடத்தில் இருக்கிறார்கள். என் பென்ஷனுக்கும் கேள்வி வரும். உன் பெரியவனுக்கு வேலை ஏற்பாடு ஏதாவது வேண்டுமானால் சொல், எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு உன் கடிதத்தை வாசிக்கவில்லை.

சவுரிமுத்து


முடிச்சூர்,
15.5.1990

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இல்லை என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

கனகவல்லிக்கும் படித்துக் காட்டினேன். "அவரு மேல எனக்குக் கோவமில்ல. படிக்காமக் கையெழுத்துப் போட்ட போலீஸ்காரன்னு ஊரு உலகத்துல ஒன்னைத்தான் பாத்தேன்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். யோசித்துப் பார்த்தேன். முழுதும் தங்கள் மேல் போட என் மனசு ஒப்பவில்லை. அந்த வருஷங்களில் கலவரம் என்று பேப்பரில் வரும். சம்பத்துக்குக் கல் பட்டு மண்டை உடைந்தது என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு நான் அம்மாவுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை நாம் இங்கே இருக்கிறோம் என்று முருகனைக் கும்பிட்டேன். அந்தச் சுகம் எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் என்ன தாள் என்று கேட்கவில்லை போலிருக்கிறது.

பெரியவனுக்கு வேலை வேண்டாம் ஐயா. அவன் படிக்கிறான். நான் கேட்பது ஒன்றுதான். அந்த இரண்டு தாளும் என் விருப்பத்தில் எழுதியது இல்லை என்று எஸ்.பி.க்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதைத் தவிர வேறு வழி இல்லை என்று க்ளார்க் சொல்கிறார். நான் சொன்னால் எடுபடாது, எழுதியவர் சொல்ல வேண்டுமாம்.

ஏட்டு ஆனால் சம்பளம் பெரிதாகக் கூடிவிடாது. ஒருத்தி வந்து என் புருஷனைக் காணோம் என்று நின்றால், போய்த் தேடு என்று சொல்ல எனக்கு ஒரு இடம் வேண்டும். இப்போது நான் சைக்கிள் எடுத்தால், "உன்னை யாரு போகச் சொன்னது?" என்கிறார்கள்.

வீட்டுச் சாவி, வாடகை எல்லாவற்றையும் பேங்க்காரரே இனி தங்களுக்கு நேராக எழுதுவார். பேசிவிட்டேன்.

துளசிங்கம்


கோவை,
9.11.1993

அன்புள்ள துளசிங்கத்துக்கு,

மூன்றரை வருடம் கழித்து எழுதுகிறேன். செப்டம்பர் 28ஆம் தேதி அம்மா காலமாகிவிட்டாள். சிறுநீரகம் கெட்டுவிட்டது. உனக்குத் தந்தி கொடுக்க மேரி முகவரி கேட்டாள். நான் கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு உன்னைக் கூப்பிடுவது?

இந்த மூன்றரை வருடமும் அவள், "துளசிங்கம் ஏன் எழுதறதில்லை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில், வேலை ஜாஸ்தி என்றேன். பிறகு, வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றேன். கடைசியில், கடிதம் வந்தது, சௌக்கியமாக இருக்கிறானாம் என்று நானாக ஏதோ சொன்னேன். "வாசிச்சுக் காட்டுங்க" என்றாள். கண்ணாடியைக் காணோம் என்றேன். முப்பத்து நாலு வருட சர்வீஸில் எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் வாங்கியவன், என் பெண்டாட்டிக்கு முன்னால் இப்படி உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்ட கடிதத்தை 1990 ஜூன் மாதமே எழுதிவிட்டேன். தபாலில் போடவில்லை. மேஜையில் பைபிளுக்கு அடியில் இருந்தது. பென்ஷன் நின்றால் அம்மா மருந்துக்கு என்ன செய்வது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். மேரி இருக்கும்போது அது காரணமே இல்லை. பெயர் கெட்டுவிடும் என்ற பயம்தான். பேர் சொல்லி விசாரிக்க இங்கே என்னை யாருக்குத் தெரியும்? ஜெபம் சொல்ல வந்த சாமியாருக்குக்கூட மேரியின் அப்பா என்றுதான் தெரியும்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்தது. நேற்று அந்தக் கடிதத்தைப் புதுத் தேதி போட்டு எஸ்.பி.க்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். இரண்டு தாளும் உன்னிடம் சொல்லாமல் நான் தயாரித்தவை என்று எழுதியிருக்கிறேன். எந்தக் கேள்வி வந்தாலும் பதில் சொல்கிறேன்.

சவுரிமுத்து


உ

முடிச்சூர்,
26.2.1995

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

அம்மா போன செய்தி கிடைத்தபோது என்னால் எழுத முடியவில்லை. கனகவல்லி வீட்டில் விளக்கேற்றி வைத்தாள். நான் தாம்பரம் மாதா கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். எனக்கு ஜெபம் தெரியாது. அம்மா பெயரை மட்டும் சொன்னேன். அவர்கள் என்னை ஒரு நாளும் வேலைக்காரன் போல நடத்தியதில்லை. எழுதாமல் இருந்தது தங்களுக்கு, அம்மாவுக்கு இல்லை. ஆனால் கடிதம் ஒரு வீட்டுக்குத்தானே வரும். அவர்களுக்கென்று தனியாக ஒரு கார்டு போட்டிருக்கலாம். இந்த நினைப்பு என்னை விடவே இல்லை.

தங்கள் கடிதத்தின் பேரில் எஸ்.பி. ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தங்கள் மேல் நடவடிக்கை கேட்கிறாயா என்றார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஃபைல் சுற்றியது. போன திங்கட்கிழமை உத்தரவு வந்தது. ஏட்டு ஆகிவிட்டேன். பழைய வருஷங்களுக்கு சீனியாரிட்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை.

சம்பத் மாற்றலாகிப் போய்விட்டார். போவதற்கு முன் எனக்கு எஃப்.ஐ.ஆர். எழுதச் சொல்லிக் கொடுத்தார். நாற்பத்து நாலு வயதில் சிலேட்டுப் பலகை பிடித்த மாதிரி இருந்தது.

நன்றி ஐயா.

துளசிங்கம்
தலைமைக் காவலர் 1127


கோவை,
7.1.1996

அன்புள்ள துளசிங்கத்துக்கு,

உன்னை ஏட்டாக நினைத்துப் பார்க்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. மேரி நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனால் பகல் முழுதும் நானும் சுவரும்தான். பேங்க்காரர் ஏப்ரலில் வீட்டைக் காலி செய்வதாக எழுதியிருக்கிறார். நான் சிட்லபாக்கத்துக்கே வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஏரிக்கரையில் காலையில் நடக்கலாம்.

ஒன்று சொல்கிறேன், யோசித்துப் பார். உனக்கு இருபது வருட சர்வீஸ் முடிந்துவிட்டது. விருப்ப ஓய்வு வாங்கினால் முழுசாகப் பென்ஷன் இல்லாவிட்டாலும் குறை வராது. ஏட்டு ஆக வேண்டும் என்றாய், ஆகிவிட்டாய். நீயும் கனகவல்லியும் மாடிக்கு வந்துவிடுங்கள். அதை உன் பேருக்கே எழுதி வைக்கிறேன். ஆர்டர்லியாகக் கூப்பிடவில்லை. எனக்கு ஆண் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒரே சமையல், ஒரே அடுப்பு. இந்தக் கணக்கை நான் இப்படித்தான் நேர் செய்ய முடியும்.

வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

அன்புடன்,
சவுரிமுத்து


உ

முடிச்சூர்,
28.1.1996

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் சுற்றினேன். நானும் கனகவல்லியும் நிறைய பேசினோம். மாடி வீடு எங்களுக்குக் கனவில்கூட வராத விஷயம். தாங்கள் மனசாரச் சொல்கிறீர்கள் என்று தெரியும்.

நான் வரவில்லை ஐயா.

கோபம் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அது தேய்ந்துவிட்டது. இப்போது எனக்கு இன்னும் பதிமூன்று வருஷ சர்வீஸ் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் தங்கள் வீட்டில் போயிற்று. மிச்சத்தையாவது நான் போலீஸ்காரனாக இருந்து பார்க்க வேண்டும். பெரிதாக ஒன்றும் செய்துவிடமாட்டேன். ஸ்டேஷனில் இப்போதும் அசிங்கம் எல்லாம் நடக்கிறது. சிலதைத் தடுக்க முடிகிறது, பலதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். ஆனால் அழுதுகொண்டு வருகிறவர்களை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போவதில்லை. முதல் வரி எழுதத் தெரியும்.

தாங்கள் மாடியைக் கொடுத்து, கனகவல்லி ஒரே அடுப்பில் சமைத்து, நான் காலையில் காப்பி கொண்டு வந்து வைத்தால், தாங்கள் என்னை மகன் என்றாலும் என் கைக்கு அது பழைய வேலைதான் ஐயா. டம்ளரை எடுத்ததும் முதுகு தானாக வளைந்துவிடும். அந்த முதுகை நிமிர்த்த எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று.

தாங்கள் வருவதென்றால் தனியாக விடமாட்டேன். தனக்கோடி என்று ஒரு அம்மாள், சிட்லபாக்கத்திலேயே இருக்கிறார்கள், நன்றாகச் சமைப்பார்கள். பேசி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடச் சொன்னார்கள். டூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமை நானும் கனகவல்லியும் வருகிறோம். விருந்தாளியாக வந்து, தங்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறோம்.

மேரி பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
துளசிங்கம்


கோவை,
19.2.1996

அன்புள்ள துளசிங்கம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு நிதானமாகப் படித்தேன். நீங்கள் எழுதியதில் மாற்றச் சொல்ல எனக்கு ஒரு வரியும் இல்லை.

சிட்லபாக்கம் வீட்டை பேங்க்காரரே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். காலி செய்வதாக எழுதியதே, நான் விற்கமாட்டேன் என்று நினைத்துத்தானாம். சரி என்று சொல்லிவிட்டேன். மேரி பத்திரம் பார்த்துக்கொள்வாள். நான் அங்கே வரவில்லை. யோசித்துப் பார்த்ததில், அந்த வீட்டுக்கு நான் திரும்ப நினைத்தது நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்பதால்தான். ஏரியும் காற்றும் நானாகச் சேர்த்துக்கொண்டது.

தனக்கோடி அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். நீங்களும் கனகவல்லியும் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு நான் அங்கே இருக்கமாட்டேன். அது ஒன்றுதான் எனக்கு வருத்தம். உங்களை எதிரில் நாற்காலியில் உட்கார வைத்து நான் ஒரு நாளும் பேசியதில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட இல்லை. நேற்று முழுதும் ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.

பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கால் வலிக்கு அந்த நொச்சி ஒத்தடத்தை விட்டுவிடாதீர்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று நேரம் ஒதுக்க வேண்டாம். உங்களுக்கு வேலை இருக்கும்.

இப்படிக்கு,
சவுரிமுத்து